குளோரைட்டு: ஒரே பெயரில் ஒரு பச்சைக் கல்லும் ஒரு வெள்ளை உப்பும்

கர்நாடகத்தின் ஹளேபீட்டில் உள்ள ஹொய்சளேசுவரர் கோயில் எந்தக் கல்லால் ஆனது என்று புவியியலாளரிடம் கேட்டால் 'குளோரைட்டு சிஸ்ட்' என்பார் (சிஸ்ட் என்பது உருமாறிய அடுக்குப் பாறை). அமெரிக்காவில் சில ஊர்களின் குடிநீர் ஆய்வறிக்கையைப் புரட்டினால் அங்கேயும் 'குளோரைட்டு' என்று ஒரு வரி இருக்கும். எதிரே லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளவு போட்டிருக்கும். கோயில் சுவரில் இருப்பது பாறையில் விளைந்த கனிமம். தண்ணீரில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத அயனி. ஆக்சிஜனைத் தவிர இரண்டுக்கும் பொதுவான தனிமம் ஒன்றுகூடக் கிடையாது. முக்கியமாக, கல்லான குளோரைட்டில் குளோரினே இல்லை.

தமிழில் எழுதும்போது குழப்பம் இன்னும் ஒரு படி கூடுகிறது. சமையல் உப்பு சோடியம் குளோரைடு. நாம் பேசப்போகும் வேதிப்பொருள் சோடியம் குளோரைட்டு. அவசரத்தில் 'குளோரைட்' என்று புள்ளியோடு முடித்துவிட்டால் எதைச் சொல்கிறோம் என்று யாருக்கும் புரியாது. ஒன்று ரசத்தில் போடுவது. மற்றது துணியில் சிந்திக் காய்ந்தால் ஒரு சிறு உரசலிலேயே தீப்பிடிக்கச் செய்வது. ஆகவே இங்கே 'டு' என்று முடிந்தால் உப்புக் குடும்பத்தின் சாதுவான உறுப்பினர், 'ட்டு' என்று முடிந்தால் கட்டுரையின் நாயகர்கள் இருவரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

பெயர் எப்படி இரண்டு இடத்தில் ஒட்டியது என்பதைக் கால வரிசையில் பார்த்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும். ஸ்வீடனில் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே 1774-ல் மாங்கனீசுத் தாதுவோடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்து, மூக்கைத் துளைக்கும் ஒரு மஞ்சள்பச்சை வாயுவைப் பிடித்தார். அது ஒரு தனிமம் என்று அவருக்குத் தெரியாது. 1787-ல் பாரிசில் லவாய்சியே, கீட்டோன் த மோர்வோ, பெர்தோலே, ஃபூர்குருவா நால்வரும் வேதிப்பொருள்களுக்குப் பெயரிடும் முறையை ஒழுங்குபடுத்தினார்கள். ஒரே தனிமத்தின் இரண்டு ஆக்சிஜன் உப்புகளில் ஆக்சிஜன் கூடுதலாக இருப்பது 'ஏட்', குறைவாக இருப்பது 'ஐட்டு'. சல்ஃபேட், சல்ஃபைட்டு என்று பள்ளியில் படித்தோமே, அந்த மரபு அங்கிருந்து வந்ததுதான். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1789-ல், ஜெர்மனியின் ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்லூரியில் கனிமங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்த ஆபிரகாம் வெர்னர், செதில் செதிலாக உரியும் ஒரு பச்சைக் கனிமத்துக்குக் கிரேக்க மொழியில் பச்சை நிறத்தைக் குறிக்கும் 'குளோரோஸ்' என்பதிலிருந்து பெயர் எடுத்தார். ஷீலேயின் வாயு ஒரு தனிமமே என்று இங்கிலாந்தில் ஹம்ஃப்ரி டேவி நிறுவி, அதன் நிறத்தைப் பார்த்து அதே கிரேக்கச் சொல்லிலிருந்து 'குளோரின்' என்று பெயரிட்டது 1810-ல்.

அதாவது, கல்லுக்குப் பெயர் வைத்தபோது உலகத்தில் குளோரின் என்று எதுவுமே இல்லை. பெயருக்கு உரிமை கொண்டாடினால் மூத்தது கல்தான், 21 ஆண்டு மூப்பு. கல்லின் வாலில் ஒட்டியிருக்கும் 'ஐட்டு' கற்களுக்குக் கிரேக்கர் காலத்திலிருந்தே சேர்க்கும் பின்னொட்டு. ஹெமடைட்டு, கிராஃபைட்டு எல்லாம் அந்த வழி. உப்பின் 'ஐட்டு' பாரிஸ் நால்வரின் ஏற்பாடு. தலையும் வாலும் தனித்தனியே வந்து இரண்டு இடத்தில் ஒரே சொல்லாகப் பொருந்தியது தற்செயல். இலையின் பச்சையத்துக்குக் குளோரோஃபில் என்று பெயர் வந்ததும் இதே நிறச் சொல்லால்தான். அதிலும் குளோரின் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், பச்சையத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பது மக்னீசியம். பச்சைக் கல்லிலும் பெரும்பாலும் முக்கிய உலோகம் மக்னீசியம்தான்.

இப்படி மோதிக்கொள்ளும் பெயர் இது ஒன்றுதான் என்றில்லை. ஜிப்சத்தின் ஒளிபுகும் படிகத்துக்கு நிலவின் கிரேக்கப் பெயரிலிருந்து செலனைட்டு என்று பெயர். பெர்சேலியஸ் 1817-ல் கண்டுபிடித்த தனிமத்துக்கும் நிலவின் பெயரே கிடைத்ததால், அதன் உப்புகளும் செலனைட்டு ஆகிவிட்டன. ஜிப்சப் படிகத்தை மேசையில் வைத்து அழகு பார்க்கலாம். சோடியம் செலனைட்டு நச்சு.

கல்

குளோரைட்டு என்பது ஒரு தனிக் கனிமத்தின் பெயர் என்பதைவிட ஒரு குடும்பப் பெயர் என்பதே சரி. மக்னீசியம் மிகுந்தது கிளினோகுளோர். இரும்பு மிகுந்தது சமோசைட்டு. சுவிட்சர்லாந்தின் சமோசோன் என்ற ஊரிலிருந்து வந்த பெயர். மாங்கனீசு, நிக்கல், லித்தியம் ஏறிய உறவினர்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் அடிப்படை சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன், ஹைட்ராக்சில். பச்சை நிறம் பெரும்பாலும் இரும்பின் கொடை. குரோமியம் புகுந்துவிட்டால் அதே கல் அழகான ஊதாவாகிவிடும். துருக்கியின் குரோமியச் சுரங்கங்களில் கிடைக்கும் அதைச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். பச்சை என்ற பெயர் தாங்கிய ஊதாக் கல்!

இதன் உள்ளமைப்பை அறிந்தால் மற்றதெல்லாம் எளிது. அப்பளக் கட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க இடையிடையே தாள் வைப்பதுபோல, டால்க் போன்ற சிலிக்கேட் அடுக்கு ஒன்று, அதன்மேல் உலோக ஹைட்ராக்சைடு தகடு ஒன்று, மறுபடி சிலிக்கேட் அடுக்கு என்று மாறி மாறி வரும். ஒரு சிலிக்கேட் அடுக்கும் ஒரு தகடும் சேர்ந்த உயரம் ஏறக்குறைய 1.4 நானோமீட்டர். எக்ஸ் கதிர்ச் சோதனையில் குளோரைட்டை அடையாளம் காட்டுவது இந்த இடைவெளிதான். சிலிக்கேட் அடுக்குக்கு எதிர்மின்சுமை, நடுத் தகட்டுக்கு நேர்மின்சுமை. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் நடுவே தண்ணீர் நுழைய இடமில்லை. கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் பாளம் பாளமாக வெடிப்பதற்குக் காரணமான மான்ட்மோரில்லோனைட்டும் அடுக்குக் கனிமம்தான். ஆனால் அதன் அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் தாராளமாகப் போய் வரும். குளோரைட்டு அப்படி உப்புவதில்லை.

களத்தில் இதை அறிய ஆய்வகம் வேண்டாம். கடினத்தன்மையை 1 முதல் 10 வரை குறிக்கும் மோ அளவில் இது 2 முதல் 2.5, ஆகவே நகத்தால் கீறினாலே தடம் விழும். கத்தி முனையால் ஒரு செதிலை உரித்து வளைத்துப் பாருங்கள். அப்பிரகம் என்றால் விட்டதும் நிமிர்ந்துகொள்ளும். குளோரைட்டு வளைந்தது வளைந்தபடியே இருந்துவிடும். புவியியல் மாணவர்களுக்கு முதலாண்டில் சொல்லித்தரும் இந்தச் சோதனை, கருவிகள் பெருகிய பிறகும் கைவிடப்படவில்லை.

பாறைகள் பூமிக்குள் புதைந்து சூடும் அழுத்தமும் ஏறி உருமாறும்போது, ஆரம்பக் கட்டத்திலேயே விளைவது இந்தக் கனிமம். ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்தில் புவியியலாளர் ஜார்ஜ் பாரோ 1893-ல் ஒரு விஷயத்தைக் கவனித்தார். களிமண்ணிலிருந்து உருமாறிய பாறைகளில், வெப்பம் ஏற ஏற, ஸ்டாரோலைட்டு, கயனைட்டு, சில்லிமனைட்டு என்று புதுப்புதுக் கனிமங்கள் ஒழுங்கான வரிசையில் தலைகாட்டின. பின்னால் வந்த டில்லி என்ற புவியியலாளர் 1925-ல் அந்த வரிசையின் அடிப்படிக்குக் குளோரைட்டு மண்டலம் என்று பெயரிட்டார். அதனால்தான் ஒரு மலைப்பாறையில் குளோரைட்டு நிறைய இருந்தால், 'இது ஏறக்குறைய 300 முதல் 450 டிகிரி செல்சியஸ் வரைதான் சூடு கண்டிருக்கும்' என்று ஒரு முதல் மதிப்பீடு சொல்லிவிட முடிகிறது. பாறையே பச்சையாகத் தெரிவதால் இந்தக் கட்டத்துக்குப் பச்சை சிஸ்ட் நிலை என்றே பெயர். இன்னும் சூடேறினால் குளோரைட்டு சிதைந்து, தன்னுள் வைத்திருந்த நீரை விட்டுவிட்டு வேறு கனிமமாகிவிடும்.

அந்த நீரைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். கிளினோகுளோரின் எடையில் சுமார் 13 விழுக்காடு, ஹைட்ராக்சிலாக ஒளிந்திருக்கும் நீர். நடுக்கடல் மலைத்தொடர்களில் சூடான பசால்ட்டுக்குள் கடல்நீர் இறங்கும்போது, நீரிலுள்ள மக்னீசியத்தைப் பாறை பிடித்துவைத்துக்கொள்கிறது. விளைவதில் பெரும்பங்கு குளோரைட்டு. கடலடி வெந்நீர் ஊற்றுகளிலிருந்து வெளியேறும் நீரில் மக்னீசியம் ஏறக்குறைய இல்லாமலே போவதற்கு இது ஒரு காரணம். அந்தக் கடல்தரை கோடிக்கணக்கான ஆண்டுகள் நகர்ந்து ஒரு கண்டத்தின் அடியில் புகும்போது, குளோரைட்டில் பூட்டிய நீரும் கூடவே இறங்குகிறது. ஆழத்தில் கனிமம் உடைந்து வெளியாகும் நீர், மேலுள்ள பாறையின் உருகுநிலையைக் குறைத்து எரிமலைக்கு வழிசெய்கிறது. நகத்தால் கீறக்கூடிய ஒரு கல் இவ்வளவு வேலை பார்க்கிறது.

சுரங்கத் தொழிலுக்கும் இது துப்பு கொடுக்கும். பெரிய செம்புப் படிவுகளைச் சுற்றிக் குளோரைட்டும் எபிடோட்டும் கால்சைட்டும் கலந்த ஒரு பச்சை வளையம் படர்ந்திருக்கும். வளையம் தெரிந்தால் நடுவைத் தேடுவார்கள். ஜார்க்கண்டின் சிங்பூம் வட்டாரத்தில் செம்பும் யுரேனியமும் கிடைக்கும் பாறைகளில் குளோரைட்டு சிஸ்ட் முக்கியமானது. மெக்சிகோவின் லோஸ் அசுஃப்ரெஸ் புவிவெப்பக் களத்தில் 1985-ல் இன்னொரு பயன் தெரியவந்தது. சிலிக்கான் இருக்கவேண்டிய இடத்தில் எவ்வளவு அலுமினியம் ஏறியிருக்கிறது என்பதை அளந்தால், அந்தக் குளோரைட்டு விளைந்த வெப்பநிலையைக் கணக்கிடலாம் என்று கேத்தெலினோவும் நியேவாவும் காட்டினார்கள். அந்தச் சூத்திரத்தைக் கண்மூடிப் பயன்படுத்தக் கூடாது என்ற விமர்சனங்கள் பின்னர் வந்தன. ஆனால் யோசனை நின்றது.

எண்ணெய்க் கிணறுகளில் இதன் குணம் இருமுகம். மணற்பாறையின் ஒவ்வொரு மணிமீதும் குளோரைட்டு மெல்லிய பூச்சாகப் படிந்திருந்தால், புதிய குவார்ட்ஸ் வளர்ந்து துளைகளை அடைக்காமல் தடுக்கும். ஆழத்திலும் எண்ணெய் ஓட இடம் மிஞ்சும். ஆனால் அடைப்பு எடுக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பாய்ச்சினால், அந்தப் பூச்சிலுள்ள இரும்பு கரைந்து, பிறகு கொழகொழவென்ற இரும்பு ஹைட்ராக்சைடாகப் படிந்து இருந்த துளையையும் அடைத்துவிடும். பாறையின் கனிமப் பட்டியலைப் பார்க்காமல் அமிலம் இறக்கினால் கிணறு கெடும்.

பாத்திரமும் சிற்பமும்

இவ்வளவு மென்மையான கல்லை மனிதர்கள் விட்டுவைப்பார்களா? தென்கிழக்கு ஈரானின் கெர்மான் பகுதியில், ஹலில் ஆற்றுப் பள்ளத்தாக்கில், பொது ஆண்டுக்கு முன் மூன்றாம் ஆயிரமாண்டில் குளோரைட்டைக் குடைந்து கிண்ணங்களும் குவளைகளும் செய்தார்கள். தேளும் பாம்பும், பாம்போடு மல்லுக்கட்டும் மனிதனும், பேரீச்ச மரமும், கட்டட முகப்பும் புடைப்பாகச் செதுக்கப்பட்டு, கண்களில் நிறக்கல் பதித்த வேலைப்பாடு. 2001-ல் வந்த வெள்ளம் ஜிரோஃப்ட் அருகே பழைய கல்லறைகளைத் திறந்துவிட, அகழ்வாய்வாளர்களுக்கு முன் கொள்ளையர்கள் போய்விட்டார்கள். சந்தைக்கு வந்த பாத்திரங்களைப் பார்த்துத்தான் உலகம் விழித்தது. 2003-ல் யூசுஃப் மஜித்சாதே தலைமையில் முறையான அகழ்வாய்வு தொடங்கியது. இதே பாணிப் பாத்திரங்கள் மெசபொத்தேமிய நகரங்களிலும் பாரசீக வளைகுடாவின் தாரூத் தீவிலும் கிடைத்திருக்கின்றன. மொகஞ்சதாரோவில்கூட ஓர் உடைந்த துண்டு. பழைய அறிக்கைகள் பலவற்றில் இவற்றை 'ஸ்டியடைட்டு', அதாவது மாக்கல், என்றே எழுதியிருப்பார்கள். எக்ஸ் கதிரில் வைத்துப் பார்த்த பிறகுதான் நிறையவற்றுக்குக் குளோரைட்டு என்று பெயர் மாறியது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய நூலைப் படிப்பவர் இதை நினைவில் வைக்கவேண்டும்.

அந்தக் குழப்பத்துக்குக் காரணம் உண்டு. டால்க்கும் குளோரைட்டும் ஒரே பாறையில் கலந்து விளைபவை. வீட்டில் புளிக்குழம்பு வைக்கும் கல்சட்டி மாக்கல்லில் கடைந்தது. மாக்கல்லின் பெரும்பகுதி டால்க் என்றாலும், அது பச்சையோ சாம்பலோ கலந்த சாயலாக இருந்தால் குளோரைட்டும் சேர்ந்திருக்கக்கூடும். பிரான்சின் ட்ரிமூன் சுரங்கத்தில் தோண்டுவதே டால்க்கும் குளோரைட்டும் கலந்த தாது. முகப்பூச்சுப் பவுடரின் டால்க்கில் சிறிது குளோரைட்டுச் செதில் இருந்தால் வியக்க வேண்டியதில்லை. அதைப் படித்துவிட்டு 'பவுடரில் வெளுப்பு மருந்து' என்று யாராவது பரப்பினால் அது வேறு குளோரைட்டு என்று சொல்லிவிடலாம்.

ஹொய்சளர் கோயில்களுக்கு வருவோம். பேலூர்க் கோயில் 1117-ல் மன்னன் விஷ்ணுவர்த்தனன் எழுப்பியது. ஹளேபீடு அதைத் தொடர்ந்து வந்தது. மதனிகைகள் எனப்படும் பெண் சிற்பங்களின் விரல் மோதிரமும் கொடிப்பின்னலும் அத்தனை நுணுக்கமாக வந்ததற்குச் சிற்பியின் கையோடு கல்லின் மென்மைக்கும் பங்குண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் கருங்கல் மோ அளவில் 6-ஐத் தாண்டும் கனிமங்களால் ஆனது. அங்கே அழகு திரட்சியிலும் அளவிலும் நிற்கிறது. இங்கே நூல் நூலாகப் போகிறது. எது உயர்ந்தது என்ற பட்டிமன்றம் எனக்குச் சலிப்பூட்டுவது. உளி எந்தக் கல்லைச் சந்தித்தது என்று முதலில் கேட்டால் பாதி வாதம் அடங்கிவிடும். கோனார்க்கில், பதின்மூன்றாம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மதேவன் கட்டிய சூரியன் கோயிலில், இந்தத் தேர்வு ஒரே கட்டடத்துக்குள்ளேயே நடந்திருக்கிறது. பெரும்பகுதி கோண்டலைட் பாறை; வாயில் நிலைகளுக்கும் சூரியனின் பெரிய உருவங்களுக்கும் மட்டும் குளோரைட்டு. கடற்காற்றில் கோண்டலைட் அரித்து முகம் இழந்த இடங்களில்கூட, குளோரைட்டுச் சிற்பத்தின் நகைகள் இன்னும் எண்ணும்படி இருக்கின்றன.

உப்பு

குளோரின் ஆக்சிஜனோடு சேரும் உப்புகள் ஒரு படிக்கட்டு. ஒவ்வொரு படியிலும் ஓர் ஆக்சிஜன் கூடும். அடியில் ஆக்சிஜனே இல்லாத குளோரைடு, நம் சமையல் உப்பு. அடுத்தது ஹைப்போகுளோரைட்டு, கிணற்றில் போடும் பிளீச்சிங் பவுடரின் வீரியம் அதுதான். மேலே குளோரேட், கோவில்பட்டி, சிவகாசி தீக்குச்சிகளின் தலையில் இருக்கும் பொட்டாசியம் குளோரேட். உச்சியில் பெர்குளோரேட், பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் திட எரிபொருளில் எரிய உதவும் அம்மோனியம் பெர்குளோரேட். நடுப்படியில், இரண்டு ஆக்சிஜனோடு, குளோரினின் ஆக்சிஜனேற்ற எண் கூட்டல் மூன்றாக நிற்பதுதான் குளோரைட்டு. ஐந்து படிகளில் நான்கை நாம் பெயர் தெரியாமலாவது தொட்டிருக்கிறோம். இந்த ஒன்று மட்டும் தொழிற்சாலைக்குள்ளேயே தங்கிவிட்டது.

அதற்குக் காரணம் அதன் நிலையாமை. காரத்தில் அடங்கிக் கிடக்கும். அமிலம் பட்டால் குளோரஸ் அமிலமாக மாறி, அது நிற்காமல் உடைந்து குளோரின் டைஆக்சைடு என்ற மஞ்சள் வாயுவை விடும். சோடியம் குளோரைட்டை வாங்குபவர்களில் பெரும்பாலோருக்கு வேண்டியது உண்மையில் இந்த வாயுதான். அதை உருளையில் அடைத்து லாரியில் ஏற்ற முடியாது. காற்றில் பத்து விழுக்காட்டுக்கு மேல் செறிந்தாலே வெடிக்கக்கூடியது. ஆகவே உப்பாக எடுத்துச்சென்று, வேண்டிய இடத்தில், வேண்டிய அளவு வாயுவை எழுப்பிக்கொள்கிறார்கள். உப்பைச் செய்யும் வழி இதற்கு நேர் எதிர்: உப்புநீரை மின்னாற்பகுத்துக் குளோரேட் எடுத்து, அதிலிருந்து வாயுவை எழுப்பி, சோடியம் ஹைட்ராக்சைடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த கரைசலில் அந்த வாயுவை அமிழ்த்தினால் குளோரைட்டு. கடைக்கு வரும் தூளில் சுமார் 80 விழுக்காடுதான் அது. தூய பொருள் ஆபத்தானது என்பதால் சமையல் உப்பு போன்றவற்றைக் கலந்து வீரியத்தைத் தணித்திருப்பார்கள்.

துணி வெளுக்க இது நல்ல பொருள், ஏனென்றால் பருத்தி, லினன் இழைகளை அதிகம் நோகடிக்காமல் நிறத்தை மட்டும் எடுக்கும். செயற்கை இழைகளுக்கும் பொருந்தும். ஆனால் எவர்சில்வர் தொட்டியையும் அரிக்கும், வெளியேறும் வாயு தொழிலாளியின் நுரையீரலுக்கு ஆகாது. பெராக்சைடு பல இடங்களில் முந்திக்கொண்டதில் வியப்பில்லை. அமெரிக்காவில் கோழி இறைச்சியைக் கழுவ அமிலம் சேர்த்த சோடியம் குளோரைட்டுக் கரைசலுக்கு அனுமதி உண்டு. 2001-ல் ஆந்த்ராக்ஸ் தூள் அடங்கிய கடிதம் வாஷிங்டனின் ஹார்ட் செனட் அலுவலகக் கட்டடத்துக்கு வந்தபோது, அதைச் சுத்தம் செய்தது குளோரின் டைஆக்சைடு வாயு.

குடிநீருக்கு இது வந்த கதை 1944-ல் நயாகரா ஃபால்ஸ் நகரில் தொடங்குகிறது. ஆற்றில் தொழிற்சாலைக் கழிவின் ஃபீனால் கலந்திருந்தது. அதோடு குளோரின் சேர்ந்தால் தண்ணீரில் மருந்து நெடி தாங்காது. குளோரின் டைஆக்சைடு அந்த நெடியைப் போக்கியது. பிறகு, குளோரின் இட்ட நீரில் உடலுக்கு ஆகாத டிரைஹாலோமீத்தேன்கள் உருவாவது 1970-களில் தெரியவந்தபோது, அவற்றை உருவாக்காத இந்த வாயுவுக்கு மவுசு கூடியது. இலவசமாக எதுவும் வருவதில்லை. தண்ணீரில் தன் வேலையை முடித்த வாயுவில் பாதிக்கு மேல் மறுபடி குளோரைட்டு அயனியாகவே மிஞ்சுகிறது. அது கூடினால் சிவப்பணுக்கள் சிதையும், ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறன் குறையும். அதனால்தான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை லிட்டருக்கு 1.0 மி.கி. என்று வரம்பு வைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 0.7 மி.கி. மிஞ்சியதை அகற்ற ஒரு வழி, ஃபெரஸ் இரும்பு உப்பைச் சேர்ப்பது. குளோரைட்டு சாதுவான குளோரைடாகிவிடும். பச்சைக் கல்லுக்குள் பெரும்பாலும் இருப்பதும் அதே ஃபெரஸ் இரும்புதான் என்பது இங்கே கொசுறு.

'மினரல்' என்ற ஒட்டு

பெயர்க் குழப்பம் பாடப்புத்தகத்தோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். நிற்கவில்லை. தென் அமெரிக்காவின் கயானாவில் தங்கம் தேடப் போன இடத்தில் மலேரியாவுக்கு மருந்து கண்டதாகச் சொல்லிக்கொண்ட ஜிம் ஹம்பிள் என்ற அமெரிக்கர், 'மிராக்கிள் மினரல் சொல்யூஷன்' என்ற பெயரில் ஒரு திரவத்தைப் பிரபலமாக்கினார். உள்ளே இருப்பது ஏறக்குறைய 28 விழுக்காடு சோடியம் குளோரைட்டு. எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ சேர்த்துக் குடிக்கச் சொன்னார்கள். மேலே சொன்ன வேதியியலைப் பொருத்திப் பாருங்கள்: அமிலம் சேர்த்தால் வருவது குளோரின் டைஆக்சைடு. வெளுக்கும் பொருளைக் கலக்கிக் குடிக்கும் செய்முறை அது.

'மினரல்' என்ற சொல்தான் இதில் தந்திரம். மினரல் என்றதும் மனது மண்ணையும் ஊற்றுநீரையும் நினைக்கிறது. சோடியம் குளோரைட்டு ஆலையில் செய்யும் உப்பு. எந்தப் பாறையிலும் தோண்டி எடுப்பதல்ல. கனிமம் என்று உண்மையாகவே சொல்லத்தக்க குளோரைட்டு வேறு. அதற்கும் இந்தப் புட்டிக்கும் சம்பந்தமில்லை. (அந்தக் கல்லையும் மருத்துவச் சந்தை விடவில்லை. கிழக்கு சைபீரியாவின் கிளினோகுளோரைச் செராஃபினைட்டு என்று பெயர் சூட்டி, மனக்காயம் ஆற்றும் மணி என்று விற்கிறார்கள். கழுத்தில் மாட்டிக்கொண்டால் பணம் போகும், உயிர் போகாது.)

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010-லும் மீண்டும் 2019-லும் எச்சரித்தது: கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, நீரிழப்பால் உயிருக்கு ஆபத்தாகும் அளவு ரத்த அழுத்தச் சரிவு. இதற்குள் அது ஆட்டிசக் குழந்தைகளுக்கும், 2020-ல் கொரோனாவுக்கும் மருந்தாகிவிட்டிருந்தது. புளோரிடாவில் தேவாலயம் என்ற பெயரில் அதை விற்ற மார்க் கிரனானும் மூன்று மகன்களும் 2023-ல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. இரண்டு மகன்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல், தந்தைக்கும் இன்னொரு மகனுக்கும் ஐந்து ஆண்டுகள் சிறை. பொலிவியாவில் நிலைமை இன்னும் விபரீதம்: 2020-ல் சுகாதார அமைச்சகம் எதிர்த்தபோதும் நாடாளுமன்றமே குளோரின் டைஆக்சைடுக்கு ஆதரவாகச் சட்டம் போட்டது.

மலேரியா மருந்து என்று இதைத் தொடங்கியதில் ஒரு கொடுமை இருக்கிறது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களின் சிவப்பணுக்கள் ஆக்சிஜனேற்றிகளைத் தாங்காது. குளோரைட்டு அவர்களை மற்றவர்களைவிட எளிதில் வீழ்த்தும். அந்தக் குறைபாடு உலகில் எங்கே அதிகம்? ஆப்பிரிக்கா, மத்தியதரைக் கடலோரம், தெற்காசியா என்று மலேரியா நெடுங்காலம் ஆட்டிவைத்த நிலங்களில். எந்த மக்களுக்கு மருந்து என்று விற்றார்களோ அவர்களுக்குத்தான் நஞ்சு கூடுதல்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த உப்பைச் சமாளிக்கத் தெரிந்த உயிர்கள் உண்டு. பெர்குளோரேட்டைச் சுவாசிக்கும் சில பாக்டீரியாக்கள் படிப்படியாக இறங்கிவரும்போது நடுவில் குளோரைட்டு பிறக்கிறது. அது அவற்றுக்கும் நஞ்சே. அதனால் குளோரைட்டு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதியை வைத்து அதை உடனே குளோரைடாகவும் ஆக்சிஜனாகவும் பிளந்துவிடுகின்றன. ஒளிச்சேர்க்கை இல்லாமல் ஆக்சிஜன் வாயுவை உருவாக்கும் உயிரியல் வழிகள் மிகச் சிலவே; 1996-ல் பிரித்தெடுத்து அறியப்பட்ட இந்த நொதி அவற்றில் ஒன்று. செவ்வாயின் மண்ணில் பெர்குளோரேட் இருப்பதை 2008-ல் ஃபீனிக்ஸ் விண்கலம் கண்டுபிடித்தபின் இந்தப் பாக்டீரியாக்களின் மீது ஆர்வம் கூடியிருக்கிறது, மண்ணைச் சுத்தப்படுத்தும்போதே மூச்சுவிடக் காற்றும் கிடைக்குமே என்று. அதே செவ்வாயில், சுற்றுகலனின் நிறமாலைக் கருவி பல பள்ளங்களில் கனிமக் குளோரைட்டையும் கண்டிருக்கிறது. அங்கே ஒருகாலத்தில் பாறைக்குள் வெந்நீர் ஓடியதற்கு அது தடயம். ஆகவே செவ்வாய் பற்றிய ஒரே ஆய்வரங்கில் இரண்டு பேர் 'குளோரைட்டு' என்று இரண்டு பொருளில் பேசிக்கொண்டிருப்பது நடக்கக்கூடியதுதான்.

எது எது என்று கண்டுபிடிக்கப் பெரிய வித்தை வேண்டாம். கல்லின் பெயர் பெரும்பாலும் தனியாகவோ, சிஸ்ட், மண்டலம், செதில், பூச்சு போன்ற பாறைச் சொற்களோடோ வரும். உப்பு தனியாக வருவதில்லை. முன்னால் சோடியமோ கால்சியமோ ஒட்டியிருக்கும், கொள்கலனில் ஆக்சிஜனேற்றி என்பதைக் காட்டும் தீச்சுடர் வட்டமும், சோடியம் குளோரைட்டுத் தூள் என்றால் ஐ.நா. எண் 1496-ம் இருக்கும். விதிவிலக்கு குடிநீர் அறிக்கை மட்டும். அங்கே சோடியம் எல்லாம் இல்லாமல் வெறும் 'குளோரைட்டு' என்றே அச்சாகியிருக்கும், ஆனால் பக்கத்தில் மி.கி./லிட்டர் என்ற அலகு இருக்கும். அதற்கு ஒரு வரி மேலேயோ கீழேயோ 'குளோரைடு' என்று இன்னொன்று, நூறு மடங்கு பெரிய எண்ணோடு நின்றால் பதற வேண்டாம். அது சமையல் உப்பில் உள்ள அதே அயனி.